காயத்திற்கு என்ன விலை?
வேலையிலும் வீதியிலும் விபத்துக்குள்ளானோர் நட்டஈடு பற்றி அறிய வேண்டியவை

ஊவா மலைகளில் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் மாலையில் முழு உடம்போடு திரும்பி வருவதில்லை. கவ்வாத்துக் கத்தி பட்டு விரல் போகிறது. கொழுந்து மலையில் குளவி கலைந்து பத்துப் பேரைக் கொட்டுகிறது. ஸ்டோரில் இயந்திரத்தில் கை அகப்படுகிறது. மழைக்காலத்தில் செங்குத்தான பாதையில் கால் வழுக்கி இடுப்பு முறிகிறது. மரம் தறிக்கப் போனவர் மேலேயே மரம் சாய்கிறது. இவை பதுளை, பசறை, மடுல்சீமை, ஹாலி-எல, ஹப்புத்தளை எங்கும் நாம் கேள்விப்படுகிற செய்திகள்தான்.

விபத்துக்குப் பின் நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த சில நாட்களில் யாராவது ஒருவர் வருகிறார். "செலவுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கடதாசியில் ஒரு கையொப்பம் வையுங்கள்" என்கிறார். வீட்டில் அரிசி இல்லை, கடைக்காரருக்குக் கடன், பிள்ளைகளுக்குப் பாடசாலைச் செலவு. கையொப்பம் வைக்கப்படுகிறது. அந்தக் கடதாசியில் என்ன எழுதியிருந்தது என்று பிறகு கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை.

எமது வாசகர்களில் பலர் சொந்தக் காணியில் பயிர் செய்தவர்கள். கலவரத்தாலும், மண்சரிவாலும், அணைக்கட்டு வேலைகளாலும் இடம்பெயர்ந்து, இன்று பிறருடைய தோட்டத்திலும் கட்டட வேலையிலும் நாட்கூலிக்குப் போகிறவர்கள். காணி போன பின் இவர்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சொத்து உடம்புதான். அந்த உடம்புக்குச் சேதம் வந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இக்கட்டுரையில் எளிமையாக விளக்க முயல்கிறோம்.

நிவாரணம் வேறு, நட்டஈடு வேறு

முதலில் இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயன்களை மண் மூடியது. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் நீண்ட காலம் தங்கியிருந்தனர். அவர்களுக்கு உணவும் உடையும் பின்னர் வீடும் கொடுக்கப்பட்டன. உமா ஓயா திட்டத்தின் சுரங்க வேலையால் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்தபோதும் அரசாங்கம் உதவிகள் வழங்கியது. இடர் வந்தவர்களுக்கு அரசாங்கமும் சமூகமும் கொடுக்கும் இவ்வாறான உதவியையே நிவாரணம் என்கிறோம். அதன் அளவையும் காலத்தையும் கொடுப்பவரே தீர்மானிக்கிறார்.

நட்டஈடு அப்படிப்பட்டதல்ல. ஒருவருடைய வேலையைச் செய்யும்போது, அல்லது ஒருவருடைய கவனக்குறைவால், இன்னொருவரின் உடலுக்குச் சேதம் வந்தால், அதற்குப் பொறுப்பானவர் சட்டப்படி கொடுக்க வேண்டிய கடன் அது. கடையில் சாமான் வாங்கிய கடனைப் போன்றதே. ஆகவே நட்டஈட்டைக் கேட்பவர் தலை குனிந்து நிற்கத் தேவையில்லை. "துரை மனமிரங்கித் தந்தார்" என்று சொல்லவும் வேண்டியதில்லை.

தொண்ணூறு ஆண்டுப் பழைய சட்டம்

வேலையில் ஏற்படும் விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்ற எண்ணம் எப்போதும் இருந்ததல்ல. கங்காணி காலத்தில் காயப்பட்ட கூலியாள் தோட்டத்துக்குச் சுமையாகவே கருதப்பட்டார். ஜெர்மனியில் 1884இல் தொழிலாளருக்கு விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்தது. பிரித்தானியாவில் 1897இலும் இந்தியாவில் 1923இலும் நட்டஈட்டுச் சட்டங்கள் வந்தன. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அப்போது அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியான பெரி. சுந்தரம். மலையகத் தமிழர் ஒருவர் அமைச்சராக இருந்த காலத்தில் வந்த சட்டத்தின் பயனை மலையகத்திலேயே பலர் இன்னும் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இச்சட்டத்தின் உயிர் ஒரே ஒரு வாக்கியத்தில் இருக்கிறது: வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்தினால் வேலையாளுக்குக் காயம் ஏற்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். முதலாளி பிழை செய்தாரா இல்லையா என்று இங்கு கேட்கப்படுவதில்லை. இயந்திரம் நன்றாகவே இருந்தது, மேற்பார்வை சரியாகவே இருந்தது, ஆனாலும் விபத்து நடந்துவிட்டது என்றாலும் நட்டஈடு உண்டு. வேலையாளின் சாதாரண கவனக்குறைவும் இவ்வுரிமையைப் பறிக்காது. "நீதான் பார்த்து நடந்திருக்க வேண்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது சட்டத்திற்கு ஏற்றதல்ல.

விதிவிலக்குகளும் உண்டு. ஓரிரு நாளில் ஆறிவிடும் சிறு காயத்திற்கு இச்சட்டத்தின் கீழ் பணம் கிடையாது. குடிபோதையில் இருந்ததனாலோ, பாதுகாப்புக்காக வைத்த ஒழுங்கை வேண்டுமென்றே மீறியதனாலோ, இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியதனாலோ நேரடியாக விபத்து நடந்தால் காயத்துக்கான உரிமை இழக்கப்படலாம். மருந்தடிக்கும்போது கையுறையைக் கழற்றி வைப்பவர்களும், ஸ்டோரில் மூடியைத் திறந்து வைத்து வேலை செய்பவர்களும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

"நான் கைக்காசு ஆள், எனக்கும் உண்டா?"

எம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். செக்ரோலில் பேர் இல்லாதவர்கள், கைக்காசுக்கு வேலை செய்பவர்கள், கொந்தராத்துக்காரர் கூட்டிச் செல்லும் ஆட்கள் ஆகியோர் தமக்கு எந்த உரிமையும் இல்லை என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல.

ஒரு முதலாளியின் தொழிலுக்காக அவருடன் ஒப்பந்தம் செய்து வேலை செய்பவரை வேலையாள் என்று சட்டம் கொள்கிறது. அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே. ஒரு தோட்டம் தன்னுடைய வழக்கமான வேலையைக் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்து, அவர் ஆட்களை வைத்துச் செய்விக்கும்போது விபத்து நடந்தால், அந்த ஆட்களுக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பிலிருந்து தோட்டம் எளிதாகக் கழன்றுவிட முடியாது. கொடுத்த பணத்தைக் கொந்தராத்துக்காரரிடமிருந்து அறவிட்டுக்கொள்வது தோட்டத்தின் பாடு.

ஆனால் ஒருவருடைய வீட்டு வேலைக்கு ஒரு நாள் உதவியாகப் போனதும், தன்னுடைய தோட்டத்தில் தானே வேலை செய்ததும் வேறு விடயங்கள். தன் மரக்கறித் தோட்டத்தில் விழுந்த விவசாயிக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. அப்படியானவர்களுக்காகவே 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினால் விவசாயிகள் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்பு நன்மைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. அதில் சேர்ந்தவர்களுக்கு அங்கவீனத்துக்கும் மரணத்துக்கும் கொடுப்பனவு உண்டு. முன்பு சந்தா கட்டியவர்கள் இடம்பெயர்ந்த பின்னரும் தமது புத்தகத்தைத் தேடி எடுத்து, கமநல சேவை நிலையத்தில் காட்டி விசாரிக்க வேண்டும்.

குளவி கொட்டியதும், வழியில் விழுந்ததும்

வேலையின்போது நேர்ந்தது என்றால் என்ன என்பதில் வாதங்கள் எழுவதுண்டு. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டியவரிடம், "குளவி தோட்டத்துக்குச் சொந்தமா?" என்று கேட்கப்படலாம். விடயம் குளவி யாருடையது என்பதல்ல. அந்த வேலையும் அந்த மலையும்தான் அவரைக் குளவிக்கு முன் கொண்டுபோய் நிறுத்தின. ஆகவே மறுக்கப்பட்டால் அத்தோடு விட்டுவிடாமல் ஆணையாளரின் முன் அதைக் கொண்டுபோக வேண்டும்.

வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து முன்பு பெரும் சிக்கலாக இருந்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் வீட்டுக்கும் வேலைத்தளத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தூரத்துத் தோட்டங்களுக்கு லொறியிலும் பஸ்ஸிலும் போய்வரும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது மிகவும் முக்கியமானது. விபத்துகளைத் தவிர, தொழிலினால் வரும் நோய்கள் சிலவும் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன.

கணக்குப் பார்ப்பது எப்படி?

வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் வலிக்கும் கண்ணீருக்கும் விலை போடுவதில்லை. அது அளப்பது ஒன்றையே: இந்த மனிதரின் உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்துவிட்டது? இதனால்தான் ஒரே விபத்தில் ஒரே மாதிரி அழுத இருவருக்கு வெவ்வேறு தொகை கிடைக்கிறது.

காயங்களைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது, தற்காலிக இயலாமை. கால் முறிந்து சில மாதம் வேலைக்குப் போக முடியாது, பிறகு சுகமாகிவிடும். இதற்குச் சம்பளத்தின் அடிப்படையில் அரைமாதத்துக்கு ஒருமுறை கொடுப்பனவு உண்டு. இரண்டாவது, நிரந்தர முழு இயலாமை. இனி எந்த வேலையும் செய்ய முடியாது. இதற்கு ஒரே தடவையில் ஒரு தொகை. மூன்றாவது, நிரந்தரப் பகுதி இயலாமை. ஒரு விரல், ஒரு கண், ஒரு கால் போன்றவற்றை இழத்தல். இதற்குச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வோர் உறுப்புக்கும் நூற்றுக்கு இத்தனை வீதம் என்று குறிக்கப்பட்டுள்ளது. அட்டவணையில் இல்லாத காயமாயின் உழைக்கும் சக்தியின் இழப்பு வைத்திய அறிக்கையைக் கொண்டு மதிப்பிடப்படும். ஒரே விபத்தில் பல காயங்கள் என்றால் வீதங்கள் கூட்டப்படும். ஆனால் முழு இயலாமைக்குரிய தொகையை அது தாண்டாது.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மண்சரிவில் காணியை இழந்து பசறைப் பக்கம் குடியேறிய ஒருவர், கொந்தராத்துக்காரர் மூலம் தோட்டத்தில் மரம் தறிக்கப் போகிறார். மரம் விழுந்து பாதம் நசுங்குகிறது. கொந்தராத்துக்காரர் 40,000 ரூபா கொண்டுவந்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய கடதாசியை நீட்டுகிறார். இவருடைய சம்பளத்துக்கு முழு இயலாமைக்கான தொகை 15 இலட்சம் என்றும், இவருடைய இழப்பு நூற்றுக்கு 40 என்றும் வைத்துக்கொண்டால், சட்டப்படி வர வேண்டியது 6 இலட்சம் ரூபா. இது விளக்கத்துக்காக நாம் போட்ட கணக்கு மட்டுமே. ஒவ்வொருவருக்கும் உரிய தொகை அவரவர் சம்பளத்தையும் காயத்தையும் பொறுத்தே அமையும். ஆனால் கையில் வைக்கப்பட்ட பணத்துக்கும் சட்டம் சொல்லும் பணத்துக்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

ஆகக்கூடிய தொகை 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 550,000 ரூபாவாக இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. "ஐந்தரை இலட்சத்துக்கு மேல் எவருக்கும் கிடைக்காது" என்று இன்னும் யாராவது சொன்னால், அவர் பழைய கணக்கைச் சொல்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

இங்கே சம்பளச் சீட்டு எவ்வளவு பெறுமதியானது என்பதும் விளங்கும். கணக்கு முழுவதும் சம்பளத்தின் மேலேயே கட்டப்படுகிறது. பெயருக்கு அரைநாள் போட்டு, மீதியைக் கைக்காசாகக் கொடுத்தால், விபத்து வரும் நாளில் பாதிச் சம்பளக்காரராகவே நீங்கள் காணப்படுவீர்கள்.

உங்கள் சொந்தப் பணத்தை நட்டஈடாக ஏற்காதீர்கள்

காயப்பட்டு வேலையை விடுகிறவருக்குச் சில இடங்களில் ஒரே தொகையாக ஒரு காசோலை கொடுக்கப்படுகிறது. அதில் ஊழியர் சேமலாப நிதி, சேவைக்காலப் பணம், நட்டஈடு எல்லாம் சேர்ந்திருப்பதாகச் சொல்லப்படுகிறது. இதைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் பெயரில் சேர்ந்த சேமிப்பு. நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என வைத்தியர் உறுதிப்படுத்தினால் வயது வரும்வரை காத்திராமலே அதைப் பெறலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலும் நிரந்தர அங்கவீனத்துக்கு உதவி உண்டு. சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஐந்து வருடமோ அதற்கு மேலோ உழைத்ததற்கு உரியது. இவை விபத்து நடக்காவிட்டாலும் உங்களுக்கே சேர வேண்டியவை. நட்டஈடு இவற்றுக்கு மேலதிகமானது.

இரண்டு வழி, ஒன்றில் மட்டும் போகலாம்

வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போவது ஒரு வழி. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது இன்னொரு வழி. இரண்டையும் ஒரே விபத்துக்குப் பயன்படுத்த முடியாது.

ஆணையாளரிடம் போனால் முதலாளியின் பிழையை நிரூபிக்க வேண்டியதில்லை. செலவும் குறைவு. ஆனால் தொகைக்கு எல்லை உண்டு, வலிக்கும் வேதனைக்கும் பணம் கிடையாது. மாவட்ட நீதிமன்றத்தில் வைத்தியச் செலவு, இழந்த உழைப்பு, இனி இழக்கப் போகும் உழைப்பு, வலி, வேதனை எல்லாவற்றுக்கும் கேட்கலாம். ஆனால் மற்றவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். பழுதான ஏணியைத் தெரிந்துகொண்டே கொடுத்தார் என்பது போல. வழக்கு பல வருடம் இழுபடக்கூடும். உங்கள் பக்கமும் பிழை இருந்தால், 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தப் பங்குக்குத் தொகை குறைக்கப்படும். மேலும், 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய வழக்கை விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். ஆணையாளரிடம் கோருவதற்கும் கால எல்லை உண்டு. ஆகையால் "காயம் ஆறட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருப்பது ஆபத்தானது.

எந்த வழி நல்லது என்பதைத் தெரிவு செய்யும் முன் ஒரு சட்டத்தரணியிடமோ தொழிற்சங்கப் பிரதிநிதியிடமோ கேளுங்கள். பணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பதுளையிலும் அதன் நிலையம் உண்டு.

கையொப்பம் வைக்கும் முன்

பேசித் தீர்த்துக்கொள்வது பிழையானதல்ல. வருடக்கணக்கில் அலைவதைவிட நியாயமான தீர்வு ஒன்று விரைவில் கிடைப்பது குடும்பத்துக்கு நல்லது. ஆனால் அந்தத் தீர்வு வெளிச்சத்தில் நடக்க வேண்டும். முதலாளியும் வேலையாளும் ஒரு தொகைக்கு உடன்பட்டால், அந்த உடன்பாட்டின் குறிப்பை ஆணையாளரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றோ, ஏமாற்றியோ நெருக்கியோ பெறப்பட்டது என்றோ கண்டால் அதைப் பதிய மறுக்கும் அதிகாரம் ஆணையாளருக்கு உண்டு. சட்டம் தந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. எனவே, ஏற்கனவே ஏதோ ஒன்றில் கையொப்பம் வைத்துவிட்டோம் என்று மனம் உடைந்திருப்பவர்களும் ஆலோசனை கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

கடதாசியை நீட்டுபவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது, தமிழில் வாசித்துக் காட்டுவீர்களா? இந்தத் தொகை எந்தக் கணக்கின்படி வந்தது? இது முன்பணமா, முழுத் தீர்வா? இதை ஆணையாளரிடம் பதிவு செய்வீர்களா? பதில் வராவிட்டால், "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். வெற்றுத்தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டாம். காயம் முற்றாக ஆறி, இனி எவ்வளவு வேலை செய்ய முடியும் என்று வைத்தியர் சொல்வதற்கு முன் முழுத் தீர்வுக்கு உடன்படுவதும் அறிவுடைமையாகாது.

அதேவேளை, முதலாளி தம் செலவில் வைத்திய பரிசோதனைக்கு அழைத்தால் மறுக்க வேண்டாம். காரணமின்றி மறுத்தால் உங்கள் உரிமை இடைநிறுத்தப்படலாம்.

உயிரே போய்விட்டால்

வேலையில் மரணம் நேர்ந்தால் நட்டஈட்டுப் பணத்தை முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது. அதை ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும். தங்கியிருந்தோர் யார் யார் என்று விசாரித்து, ஆணையாளரே அதைப் பங்கிடுவார். மரணச் சடங்குக்கென்று கொடுத்த சிறுதொகையைக் காட்டி "கொடுத்தாயிற்று" என்று சொல்ல முடியாது. இந்த ஏற்பாடு விதவைக்கும் பிள்ளைகளுக்கும் பெரும் காவல். பணம் மாமன், மைத்துனர், கடன்காரர் கைகளுக்குப் போய்க் கரையாமல் இருக்கவே சட்டம் இப்படிச் செய்திருக்கிறது. நட்டஈட்டைக் கடனுக்காகப் பறிமுதல் செய்யவோ இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கவோ இயலாது என்பதையும் கடை முதலாளிமாரும் அறிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரு துயரமான தடை உண்டு. தோட்டப்புறங்களில் கோவிலில் தாலி கட்டி வாழ்ந்தும் திருமணத்தைப் பதியாதவர்கள் பலர். கணவன் இறந்த பின் மனைவி தன்னை மனைவி என்று நிரூபிக்க மேலும் பல சாட்சிகளைத் தேடி அலைகிறார். பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தந்தை பெயர் இல்லாவிட்டால் துன்பம் இரட்டிப்பாகிறது. உயிரோடு இருக்கும்போது செய்யும் ஒரு பதிவு பின்னர் வரும் பெரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

வீதியில் நடந்தால்

2021 மார்ச் 20ஆம் திகதி காலை லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் போன பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்ததை நாம் மறக்க முடியாது. பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர். அத்தகைய விபத்துகளில் வழி வேறு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். பஸ்ஸில் போன பயணியும் வீதியில் நடந்தவரும் அந்தக் காப்புறுதியிலிருந்து நட்டஈடு பெற வழியுண்டு.

ஆனால் பொலிசார் போடும் வழக்கோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நீதவான் விதிக்கும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. உங்கள் நட்டஈட்டுக்குத் தனியாகக் கோர வேண்டும். லொறியின் பின்னாலும் டிரக்டர் பெட்டியிலும் ஏறிப் போவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: ஆட்களை ஏற்ற அனுமதியில்லாத வாகனமாயின் காப்புறுதிக் கம்பனி மறுப்புச் சொல்ல இடமுண்டு. சில ரூபாக்கள் மிச்சம் என்று ஏறும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடதாசிதான் சாட்சி

இடம்பெயர்ந்தவர்களின் பெரிய பலவீனம், கையில் கடதாசி இல்லாமை. தேசிய அடையாள அட்டை மண்ணோடு போயிருக்கும், முகவரி மாறியிருக்கும், கூட வேலை செய்த சாட்சி வேறு ஊருக்குப் போயிருப்பார். ஆகவே விபத்து நடந்த நாளிலேயே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

அன்றே கணக்கப்பிள்ளையிடமோ துரையிடமோ அறிவித்து, எழுத்தில் பதியச் செய்யுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மட்டும் மருந்து கட்டிக்கொண்டு வீடு போகாமல், பாரமான காயமாயின் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வேலை செய்யும்போது நடந்தது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தேன் என்று சொல்" என எவராவது சொல்லிக் கொடுத்தால் அப்படிச் சொல்லவே வேண்டாம். அந்த ஒரு வசனம் ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறிவிட்டால் அதை மாற்றுவது மிகக் கடினம். ஆஸ்பத்திரி துண்டு, எக்ஸ்ரே, மருந்துப் பற்றுச்சீட்டு அனைத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். பக்கத்தில் வேலை செய்த இருவரின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்ளுங்கள். நாளாந்தம் எங்கே, யாருக்கு, எத்தனை ரூபாவுக்கு வேலை செய்தீர்கள் என்பதைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் ஒரு வரி எழுதி வைத்தாலும் அது ஒரு நாள் உதவும்.

முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால் பதுளை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் விசாரிக்கலாம். வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில் இருந்தாலும் கோரிக்கையை எழுத்தில் அனுப்பலாம். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. அனுப்பும் கடிதத்தின் பிரதியையும் பதிவுத் தபால் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறினால் புதிய முகவரியை உடனே அறிவியுங்கள். முகவரி மாறியதால் விசாரணை அறிவித்தல் கிடைக்காமலே உரிமை தவறிப்போகலாம்.

பணம் வந்த பிறகு

நட்டஈட்டுப் பணம் பரிசல்ல. இனி வரும் இருபது வருடத்தில் ஒரு மனிதர் உழைத்திருக்கக்கூடிய அரிசியும் பாடப்புத்தகமும் மருந்தும் ஒரே கட்டாகக் கையில் வந்திருக்கிறது. ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து மூன்று பங்காகப் பிரிப்பது நன்று. ஒரு பங்கு வட்டி ஏறும் கடனுக்கு. ஒரு பங்கு காயப்பட்டவர் இருந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய தொழிலுக்கு: மாடு, கோழி, சிறுகடை, தையல் இயந்திரம், நாற்றுமேடை. மிகுதி, இருவர் கையொப்பமும் வேண்டிய வங்கிக் கணக்கில். பெரிய விருந்துக்கும், கேட்டு வரும் உறவினருக்கும் முதல் மாதத்தில் "இல்லை" என்று சொல்லப் பழக வேண்டும்.

போன விரலை எந்தச் சட்டமும் திருப்பித் தராது. ஆனால் விரல் போன வீட்டில் பிள்ளை பாடசாலையை விட்டு வேலைக்குப் போக வேண்டிய நிலையைச் சட்டம் தடுக்கக்கூடும். அதற்கு முதலில் நாம் அறிந்திருக்க வேண்டும், பிறகு அடுத்த வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். இக்கட்டுரையை வாசிக்கத் தெரிந்தவர்கள், வாசிக்கத் தெரியாத அயலவருக்கு உரக்க வாசித்துக் காட்டுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இளைஞர் மன்றங்களும் மாதர் சங்கங்களும் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கலந்துரையாடலாம். உங்கள் லயத்தில் ஏற்கனவே காயப்பட்டு வீட்டில் இருப்பவர் எவராவது உண்டா என்று பாருங்கள். இருந்தால், அவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது: "அண்ணே, உங்களுக்கு நடந்து எத்தனை மாதம் ஆகிறது?"